வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்குப் பருவக் காய்களில் மொத்தச் சமையல்

திருச்சியில் வசிக்கும் உங்கள் வீட்டில் நான்கு பேர். நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறீர்கள். காலை 8 மணிக்குள் நான்கு டிபன் பாக்ஸும் தயாராக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நாளைக்கும் சேர்த்துச் சமைத்து வைத்தால் புதன்கிழமையே சாம்பார் புளித்துப் போகிறது, பிள்ளைகளும் பழைய குழம்பைத் தொட மறுக்கிறார்கள். பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் காய்களை வாங்கி, மொத்தமாகச் சமைத்து வைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழி உண்டு. ஆனால் நீங்கள் இப்போது செய்துவரும் முறையை முதலில் கைவிட வேண்டியிருக்கும். ஐந்து நாள் சாப்பாட்டையும் சமைத்து முடித்து, டப்பாக்களில் அடைத்து, எடுத்துச் சூடாக்கிச் சாப்பிடும் பழக்கம் நம் சமையலின் இயல்புக்குப் பொருந்துவதில்லை. வெந்த பருப்பு, தேங்காய், நீர்த்த குழம்பு ஆகிய மூன்றும் விரைவில் கெடுபவை. தாளிப்பின் மணமோ சில மணி நேரத்தில் அடங்கிவிடும். நானும் பணியில் சேர்ந்த புதிதில் இதே தவற்றைச் செய்தேன். பெரிய பாத்திரம் நிறைய வைத்த சாம்பாரை, மேலே நுரை கட்டியிருப்பதைப் பார்த்து மூன்றாம் நாள் கொட்டியபோது, வீணானது பணம் மட்டுமல்ல, என் ஞாயிற்றுக்கிழமையும்தான் என்று மிகவும் வருந்தினேன். அதன்பிறகு நான் பின்பற்றி வருவதை ‘முக்கால் சமையல்’ என்று என் மாணவிகளிடம் சொல்வேன். நேரம் பிடிக்கும் வேலைகளான உரித்தல், வதக்குதல், சுண்டவைத்தல், அரைத்தல் ஆகியவற்றை அந்தந்தக் காய் மலிந்து கிடக்கும் பருவத்தில் ஒரே தடவையாக முடித்துவிட வேண்டும். கொதிக்கவைத்துத் தாளிக்கும் கடைசிக் கால் பங்கை மட்டும் அன்றன்று காலையில் செய்ய வேண்டும். அப்போது சாப்பாடு புதிதாக இருக்கும், அடுப்படியில் நிற்கும் நேரமும் 20 நிமிடத்துக்குள் அடங்கும்.

உங்கள் சாம்பார் ஏன் கெட்டது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். சமைத்த உணவில் நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகுவது ஏறத்தாழ 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான். ஆழமான பாத்திரத்தில் நான்கைந்து லிட்டர் சாம்பாரை மேடையிலேயே ஆறவிட்டால், நம் ஊர் வெயிலில் அது அந்த இடைப்பட்ட வெப்பத்திலேயே பல மணி நேரம் கிடக்கும். அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தாலும் நடுப்பகுதி குளிர நெடுநேரமாகும். கூடவே ஃப்ரிட்ஜில் உள்ள மற்றப் பொருள்களின் குளிர்ச்சியையும் அது குறைத்துவிடும். எனவே எதைச் சேமிப்பதானாலும் அகலமான தாம்பாளத்திலோ சிறு சிறு எவர்சில்வர் டப்பாக்களிலோ பிரித்து, குளிர்ந்த நீர் நிரம்பிய பெரிய பாத்திரத்துக்குள் அவற்றை நிறுத்தி, விரைவாக ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள், கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். அவ்வாறு வைத்த சமைத்த உணவுக்கும் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள்தான் கணக்கு.

சோற்றை மட்டும் மொத்தமாக வடித்து வைக்க வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். அரிசியில் இருக்கும் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெளியில் கிடக்கும்போது அவை முளைத்து நச்சை உண்டாக்குகின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. குக்கரில் சோறு வேக 20 நிமிடம் போதும். அதை அன்றாட வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பருவத்துக்கு வருவோம். மொத்தச் சமையலின் பெரும்பகுதி தக்காளியைச் சுற்றியே இருப்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாசி, பங்குனி மாதங்களில் கிருஷ்ணகிரி, தருமபுரி, ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வரத்து பெருகும் ஆண்டுகளில் நல்ல பழுத்த தக்காளி கிலோ 15 ரூபாய்க்கும் அதற்குக் கீழேயும் வந்துவிடும். பறிகூலிக்குக் கட்டுப்படவில்லை என்று விவசாயிகள் சாலையோரம் கொட்டிச் செல்வதும் அந்த நாட்களில்தான். அதே தக்காளி 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்க நேர்ந்தது. பங்குனியில் நீங்கள் செய்து வைக்கும் தொக்கு ஆனியிலும் ஆடியிலும் வந்து உதவும் என்பதால், ஆண்டில் ஒரே ஒரு காய்க்கு மட்டுமே நேரம் ஒதுக்க முடியும் என்றாலும் அது தக்காளியாகவே இருக்கட்டும்.

தக்காளியில் இரண்டு அடிப்படைகளைச் செய்து வைக்கலாம். முதலாவது தொக்கு. மூன்று கிலோ நாட்டுத் தக்காளியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நறுக்கி, அடி கனமான அகன்ற பாத்திரத்தில் 60 கிராம் புளியோடு வேகவைத்து, ஆறியதும் அரைத்து, 250 மில்லி நல்லெண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டிக் கிளற வேண்டும். மிளகாய்த்தூள் 50 முதல் 60 கிராம், உப்பும் ஏறக்குறைய அதே அளவு. வறுத்துப் பொடித்த வெந்தயத்தையும் பெருங்காயத்தையும் இறக்குவதற்குச் சற்று முன்னர் சேர்த்தால் போதும். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், அது சுண்டச் சுண்ட அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும்; எண்ணெய் தனியே பிரிந்து ஓரங்களில் மிதப்பதே பதம். நீர் குறைவு, புளிப்பு மிகுதி, உப்பு, எண்ணெய் ஆகிய நான்கும் சேர்ந்து இதைக் காப்பதால் எதையும் பாதியாகக் குறைக்காதீர்கள். உடல்நலத்துக்காக உப்பையும் எண்ணெயையும் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அதைத் தொக்காகக் கருதாமல் ஃப்ரீசரில் வைக்க வேண்டிய பொருளாகக் கருத வேண்டும். ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்த தொக்கு ஒரு மாதம் தாராளமாக இருக்கும். சிறு டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்தால் ஆடி வரைக்கும் வரும்.

இரண்டாவது, குருமாவுக்கும் கறிக்குழம்புக்கும் முட்டைக் குழம்புக்கும் பயன்படும் வெங்காயத் தக்காளி வதக்கல். பெரம்பலூர், துறையூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம் தை, மாசியில் மலிந்து வரும்போது ஒன்றரைக் கிலோ வாங்கி உரித்துப் பொன்னிறமாக வதக்கி, இரண்டு கிலோ தக்காளியும் இஞ்சி பூண்டு விழுதும் சேர்த்துச் சுருள வதக்கி ஆறவைத்து, ஒரு வேளைக்கு ஒரு கப் என்ற கணக்கில் ஜிப் கவர்களில் போட்டு, சப்பாத்தி போலத் தட்டையாக அழுத்தி ஃப்ரீசரில் அடுக்குங்கள். உருண்டையாக உறைந்த பொருள் இளக அரைநாள் ஆகும். தட்டையாக உறைந்ததை முந்தைய இரவு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் பயன்படுத்தத் தயாராக இருக்கும், மறந்துபோனால் அப்படியே உடைத்து வாணலியில் போடலாம். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இந்த வதக்கலில் தேங்காய் சேர்க்கவே கூடாது. தேங்காயைத் தனியே துருவி ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது கைப்பிடி எடுத்து அரைத்துச் சேருங்கள். உறைந்த துருவல் பல வாரங்கள் கெடாது. ஆனால் தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு மறுநாளே வாடை அடிக்கத் தொடங்கும்.

புளியும் மாசி, பங்குனிப் பொருள்தான். ஆண்டுக்குத் தேவையான புதுப்புளியை அப்போது வாங்கி, கொட்டையும் நாரும் நீக்கி, கல் உப்புத் தூவி வெயிலில் காயவைத்து ஜாடியில் அடைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதிலிருந்து மாதம் ஒருமுறை புளிக்காய்ச்சல் செய்துவையுங்கள். கெட்டியாகக் கரைத்த புளியை நல்லெண்ணெய், வற்றல் மிளகாய், மஞ்சள்தூள், பெருங்காயம், வெந்தயப்பொடி ஆகியவற்றோடு எண்ணெய் மிதக்கும்வரை சுண்டவைத்தால் போதும். வேர்க்கடலையை மட்டும் சோறு கிளறும் அன்று வறுத்துப் போடுங்கள், முன்பே போட்டால் நமுத்துவிடும். தவிர, 250 கிராம் புளியை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, உப்பிட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவைத்த விழுதை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டால், தினமும் காலையில் புளி ஊறக் காத்திருக்க வேண்டியதில்லை. சிறிய வேலைதான், ஆனால் காலை நேரத்தில் அது மிச்சப்படுத்தும் பத்து நிமிடம் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

பூண்டு பற்றி ஓர் எச்சரிக்கையும் இங்கே அவசியம். புளிப்பு இல்லாமல், பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து மேடையில் வைப்பது ஆபத்தானது. காற்றுப் படாத, புளிப்பில்லாத இடத்தில் வளரும் கொடிய நச்சுக் கிருமி அதில் உருவாகலாம். வாடையோ நிறமாற்றமோ அதைக் காட்டிக் கொடுக்காது. இஞ்சி பூண்டு விழுதை ஐஸ் ட்ரேயில் உறையவைத்துக் கட்டிகளாக எடுத்துப் பயன்படுத்துவதே நல்லது.

தை மாதம் பயறுக் காய்களின் காலம். பச்சை மொச்சை, அவரை, துவரை, பச்சைப் பட்டாணி எல்லாம் பொங்கலை ஒட்டிக் குவியும். உரிப்பதுதான் இதில் பெரிய வேலை என்பதால், ஒரு மாலைப் பொழுதில் கணவரையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து ஐந்து கிலோவையும் உரித்துவிடுங்கள். இது நான் கண்டிப்பாகச் சொல்லும் ஒன்று. மொத்தச் சமையல் என்ற பெயரில் வீட்டுப் பெண்ணின் விடுமுறை நாள் முழுவதும் அடுப்படியில் கரைந்தால், அந்த ஏற்பாடு இரண்டு மாதம்கூட நீடிக்காது, நீடிக்கவும் கூடாது. உரித்த பயற்றைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டி, வடித்துத் துணியில் ஈரம் போக உலர்த்தி, தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் உறையவைத்துப் பிறகு கவரில் போட வேண்டும். கொதிநீர்ப் படியைத் தவிர்த்தால், காயிலுள்ள நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் சுவையையும் கெடுத்துவிடும். இதே முறை பீன்ஸ், கேரட்டுக்கும் பொருந்தும். உருளைக்கிழங்கையும் கத்திரிக்காயையும் உறையவைக்காதீர்கள்; முன்னது மணல் போலாகிவிடும், பின்னது குழைந்து கறுத்துவிடும்.

முருங்கைக்காய் பங்குனியிலிருந்து ஆனி வரை அரவக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும். கார்த்திகை, மார்கழியில் அதன் விலை கேட்டால் மலைப்பாக இருக்கும். விரல் நீளத்துக்கு நறுக்கி, மேற்சொன்னபடியே இரண்டு நிமிடம் வெந்நீர் காட்டி உறையவைத்தால், சாம்பாரில் போடும்போது சற்றே குழைவாக இருந்தாலும் மணம் குறையாது.

சித்திரை, வைகாசி வெயிலை நாம் வீணாக்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். மின்சாரமும் ஃப்ரீசரும் இல்லாத காலத்திலேயே ஆண்டு முழுவதற்கும் மொத்தச் சமையலை நம் பாட்டிமார் அந்த வெயிலை வைத்து முடித்திருக்கிறார்கள். கொத்தவரங்காயை உப்புப் போட்டு அரை வேக்காடு வேகவைத்து மூன்று நான்கு நாள் காயவைப்பதும், சுண்டைக்காயைத் தட்டிப் புளித்த மோரில் ஊறவைத்துக் காயவைப்பதும், பச்சை மாங்காயை உப்பில் ஊறவைத்து வற்றலாக்குவதும், சின்ன வெங்காயத்தோடு பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் இடித்துச் சேர்த்து வடகமாக உருட்டிக் காயவைப்பதும் ஒரே தத்துவந்தான்: நீரை எடுத்துவிட்டால் கிருமி வாழ இடமில்லை. வடகம் ஒரு உருண்டை கையிலிருந்தால் காலையில் வெங்காயம் உரிக்காமலே குழம்புக்குத் தாளித்துவிடலாம். மொட்டை மாடி இல்லாத அடுக்குமாடி வீட்டில் இவ்வளவும் முடியாது என்பதை அறிவேன். பால்கனியில் வலை மூடிய தட்டில் மோர் மிளகாயும் மாங்காய் வற்றலும் மட்டும் போடுங்கள். மற்றவற்றை மகளிர் குழுவினரிடம் வாங்கிக்கொள்வதில் தவறே இல்லை. ஆண்டுக்கான சாம்பார்ப்பொடி, குழம்புப்பொடிக்கு மிளகாயும் மல்லியும் காயவைத்து மில்லில் அரைக்க வேண்டியதும் இந்த மாதங்களில்தான். ராமநாதபுரம் முண்டு மிளகாய் புதிதாகச் சந்தைக்கு வந்திருக்கும் நேரம் அது.

மழைக்காலத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில், புதிதாக எதையும் சேமிக்க முயல வேண்டாம். ஈரத்தில் நனைந்து வரும் காய் ஃப்ரிட்ஜிலும் அழுகும். அப்போது கோடையில் போட்ட வற்றலையும் வடகத்தையும் எடுத்துச் செலவழியுங்கள். வெட்டாத பூசணியும் பரங்கியும் காற்றோட்டமான தரையில் ஒரு மாதத்துக்கு மேல் சமைக்காமலேயே இருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அடுத்து நெல்லிக்காய் தொடங்கிவிடும். ஆவியில் வேகவைத்துக் கொட்டை நீக்கி, தக்காளித் தொக்கைப் போலவே எண்ணெயில் சுருட்டி வைத்தால் தயிர்ச்சோற்றுக்கு மார்கழி முழுவதும் அதுவே போதும். கீரையை எந்தப் பருவத்திலும் மொத்தச் சமையலில் சேர்க்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் வாங்கி ஆய்ந்து, துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, கடைந்த அன்றே தீர்த்துவிடுவதுதான் அதற்கு நல்லது.

ஃப்ரீசரை முழுக்க நம்பிவிடக் கூடாது என்பதற்கு நம் ஊர் மின்வெட்டே காரணம். நிறைந்த ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் இரண்டு நாளும், பாதி நிறைந்தது ஒரு நாளும் உறைநிலையில் இருக்கும் என்பது தனிக்கதவு கொண்ட நல்ல ஃப்ரீசருக்கான கணக்கு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் சில பகுதிகளில் அதற்கு மேலும் மின்சாரம் இல்லை. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் சிறு ஃப்ரீசரோ அடிக்கடி பனியை உருக்க வேண்டியது. அதில் ஒரு மாதத்துக்கு மேல் எதையும் வைக்காதீர்கள். ஒரு டம்ளரில் நீரை உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவையுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் நீருக்குள் இறங்கி உறைந்திருந்தால், இடையில் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அப்போது உள்ளே உள்ள சமைத்த பொருள்களைக் கொட்டிவிட வேண்டும்.

இவையெல்லாம் கையில் இருக்கும்போது வாராந்தர வேலை சிறுத்துவிடும். சனிக்கிழமை நான்கு டம்ளர் இட்லி அரிசியும் ஒரு டம்ளர் உளுந்தும் ஊறவைத்து அரைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதே. அரைத்த மாவில் பாதியைப் புளிக்கவிடாமல் உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, புதன்கிழமை இரவு வெளியில் எடுத்துப் புளிக்கவைத்தால் வாரக் கடைசியிலும் இட்லி புளிப்பேறாமல் இருக்கும். கோடையில் எட்டு மணி நேரத்துக்குள் பொங்கும் மாவுக்கு மார்கழியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். ஞாயிறு காலையில் சந்தைக்குப் போய் வந்தபின் ஒன்றரை மணி நேரம் போதும்: மூன்று நாளுக்கான துவரம்பருப்பை உப்பில்லாமல் குழைய வேகவைத்துச் சிறு டப்பாக்களில் பிரிப்பது, இரண்டு நாள் பொரியலுக்குக் காய் நறுக்குவது, துவையலுக்கு வேண்டியவற்றை வறுத்து வைப்பது. மீதி இரண்டு நாளுக்குப் புதன்கிழமை மாலையில் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே நாளில் ஐந்து நாளுக்கும் என்பதைக் கைவிட்டு ஞாயிறு, புதன் என்று பிரித்ததுதான் எங்கள் வீட்டில் உணவு வீணாவதை நிறுத்தியது.

திங்கட்கிழமை காலை இப்படி அமையும். ஒரு அடுப்பில் சோறு. மறு அடுப்பில் உறைந்த முருங்கைக்காயைச் சாம்பார்ப்பொடி, உப்பு, புளி விழுதோடு எட்டு நிமிடம் கொதிக்கவிட்டு, வெந்த பருப்பை ஊற்றி, நன்றாகத் தளதளவென்று கொதித்ததும் வடகமும் கறிவேப்பிலையும் தாளித்தால் சாம்பார் முடிந்தது. செவ்வாய்க்கிழமை புளிக்காய்ச்சலில் கிளறிய சோறும் பொரியலும். புதன்கிழமை மொச்சை போட்ட குருமாவும் சப்பாத்தியும். வியாழக்கிழமை தொக்கில் இரண்டு கரண்டி எடுத்து வதக்கி முட்டை உடைத்து ஊற்றலாம். வெள்ளிக்கிழமை வற்றல் குழம்பு. எல்லாமே அன்று காலை தாளித்தவை என்பதால் பிள்ளைகள் ‘பழைய குழம்பு’ என்று ஒதுக்குவதற்கு இடமிருக்காது.

நீங்கள் கேட்டிருக்கும் இந்த மாசி மாதத்தில் எதிலிருந்து தொடங்குவது என்றால், தென்னூர் உழவர் சந்தையில் விலைப் பலகையை இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து பாருங்கள். தக்காளி விலை இறங்கி, ஒரு வாரம் அங்கேயே நின்றதும் ஐந்து கிலோ வாங்குங்கள்; மூன்று கிலோ தொக்குக்கு, இரண்டு கிலோ வதக்கலுக்கு. இந்த ஆண்டு அது மட்டும் போதும். ஒவ்வொரு டப்பாவிலும் செய்த தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டி, புதியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வையுங்கள்.